சிறு கடைக்கு இணையம் என்ன செய்யும்? – வாசகர் கேள்வி பதில்

சொந்தக் கடை நடத்தும் வாசகர்கள் இணைய விற்பனை குறித்து அனுப்பிய கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறேன். ஒரே பொருளில் வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்து, ஊரையும் தொழிலையும் மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

தந்தை காலத்திலிருந்து நாங்கள் நடத்தி வரும் மளிகைக் கடை இது. தெருவில் பல வீடுகள் இப்போது செல்போன் செயலியில் சாமான் வாங்கத் தொடங்கிவிட்டன. கடைக்குச் சொந்தமாக ஓர் இணையதளம் வேண்டும் என்கிறான் என் மகன். அதற்கு 40,000 ரூபாய் கேட்கிறார்கள். செய்யலாமா?
– மளிகைக் கடை உரிமையாளர், திருச்சி

உங்கள் மகனின் அக்கறை நியாயமானது. ஆனால் எடுத்த எடுப்பில் அந்தப் பணத்தைச் செலவிட வேண்டாம் என்பதே என் கருத்து. மளிகைக் கடைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் நடந்தோ இரு சக்கர வாகனத்திலோ வந்துவிடக்கூடிய தூரத்தில் இருப்பவர்கள். அவர்கள் உங்கள் இணையதள முகவரியை நினைவில் வைத்துக்கொண்டு தட்டச்சு செய்யப்போவதில்லை. ‘பக்கத்தில் மளிகைக் கடை’ என்று கூகுளில் தேடுவார்கள், அல்லது ஏற்கெனவே கையில் இருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புவார்கள். இந்த இரண்டு இடங்களிலும் உங்கள் கடை ஒழுங்காக இருந்தால் முதல் ஆண்டுக்கு அதுவே போதும். இரண்டுக்கும் கட்டணம் கிடையாது.

கூகுளிலிருந்து தொடங்குங்கள். புதிய பதிவை உருவாக்கும் முன் கூகுள் மேப்பில் உங்கள் கடைப் பெயரைத் தேடிப் பாருங்கள். எப்போதோ வந்துபோன ஒருவர் அதைச் சேர்த்திருக்கக்கூடும். அப்படி இருந்தால் அந்தப் பதிவையே உங்களுடையது என்று உரிமை கோர வேண்டும். இல்லாவிட்டால் ஒரே கடைக்கு இரண்டு பதிவுகள் உருவாகி, பழைய தொலைபேசி எண் ஒன்றிலும் புதிய எண் இன்னொன்றிலுமாக வாடிக்கையாளர் குழம்புவார். உரிமையை உறுதிசெய்ய, பெயர்ப்பலகையும் தெருவும் கடையின் உட்புறமும் தெரியும்படி ஒரு சிறு வீடியோ கேட்பது இப்போது வழக்கமாக இருக்கிறது. அதன்பின் கடை திறந்திருக்கும் நேரத்தைச் சரியாகப் போடுங்கள். மதியம் கடை அடைப்பவர்கள் அந்த இடைவேளையைக் குறிப்பிட மறந்துவிடுகிறார்கள். இரண்டு மணி வெயிலில் வந்து இழுத்து மூடிய ஷட்டரைப் பார்த்துத் திரும்பியவரை மறுபடி வரவழைப்பது எளிதல்ல. பொங்கல், தீபாவளி விடுமுறைகளையும் முன்கூட்டியே அதில் குறித்துவைக்கலாம். பெயரைப் பலகையில் உள்ளபடியே போடுங்கள். ‘திருச்சியின் சிறந்த மலிவு விலைக் கடை’ என்றெல்லாம் பெயரோடு சேர்ப்பது கூகுளின் விதிகளுக்கு முரணானது, பதிவு முடக்கப்படவும் கூடும்.

அடுத்தது, கடைகளுக்கென்று உள்ள தனிச் செயலியான வாட்ஸ்அப் பிசினஸ். உங்கள் சொந்த எண்ணோடு கலக்காமல் கடைக்கென்று தனி எண் வைத்துக்கொள்ளுங்கள்; கடையில் பழைய லேண்ட்லைன் இருந்தால் அந்த எண்ணிலேயே பதிவு செய்ய முடியும். கேட்டலாக் என்ற பொருள் பட்டியலில் 500 பொருள்கள் வரை படமும் விலையும் சேர்க்கலாம். ஆனால் மளிகைக்கு அதைவிடப் பயனுள்ளது மாதச் சாமான் பட்டியல்தான். வீட்டில் எழுதும் காகிதத்தை அப்படியே படம்பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு லேபிள் போட்டு வைத்துக்கொண்டால், அடுத்த மாதம் ‘போன மாசம் மாதிரியே, எண்ணெய் மட்டும் ரெண்டு லிட்டர் கூட’ என்ற ஒற்றை வரியில் ஆர்டர் முடிந்துவிடும்.

உங்கள் பலம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பட்டியலில் ‘உளுந்து 2 கிலோ’ என்று இருந்தால், அந்த வீட்டில் தோசைக்கு முழு உளுந்துதான் வாங்குவார்கள் என்பதும், ‘அரிசி’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது இட்லி அரிசியா சாப்பாட்டு அரிசியா என்பதும் உங்களுக்குக் கேட்காமலே தெரியும். பத்து நிமிடத்தில் கொண்டுவந்து தரும் நிறுவனங்களோடு நேரத்தில் போட்டியிட முயல வேண்டாம். காலை 11 மணிக்குள் வரும் பட்டியல் மதியத்துக்குள், மாலை 5 மணிக்குள் வருவது இரவுக்குள் என்று உங்களால் தவறாமல் செய்யக்கூடிய ஒரு நேரத்தை அறிவித்து, அதைக் காப்பாற்றுங்கள். பற்று வைத்து வாங்குபவர்களுக்கு மாதக் கடைசியில் நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பிவிட்டால், கணக்கில் வாக்குவாதமும் குறையும், பணமும் சீக்கிரம் வரும்.

ஒரு நுட்பமான செய்தி: பிராட்காஸ்ட் பட்டியலில் ஒரே நேரத்தில் 256 பேருக்குச் செய்தி அனுப்பலாம் என்றாலும், உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். ஆகவே பில் போடும்போதே ‘கடை நம்பரை சேவ் பண்ணிக்குங்க’ என்று சொல்லும் பழக்கத்தைக் கடைப் பையன்களுக்கும் ஏற்படுத்துங்கள். தினமும் காலை வணக்கப் படம் அனுப்பும் எண்ணை மக்கள் விரைவில் தடுத்துவிடுவார்கள். புது அரிசி வந்த அன்றும், எண்ணெய் விலை இறங்கிய அன்றும் மட்டும் எழுதுங்கள்.

பவானியில் ஜமக்காளம், போர்வை விற்கும் சிறு கடை வைத்திருக்கிறேன். பெரிய இணைய விற்பனைத் தளங்களில் சேரும்படி முகவர் ஒருவர் வற்புறுத்துகிறார். நாடு முழுவதும் விற்கலாம் என்கிறார். லாபம் நிற்குமா?
– ஜவுளிக் கடை உரிமையாளர், பவானி

முகவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் விற்பனை வேறு, லாபம் வேறு. அதனால் சேர்வதற்கு முன் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுவிடுங்கள். எடுத்துக்காட்டாக, 650 ரூபாய்க்குக் கொள்முதல் செய்த ஒரு ஜமக்காளத்தைக் கடையில் 900 ரூபாய்க்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் 250 ரூபாய் நிற்கிறது. அதே 900 ரூபாய்க்குத் தளத்தில் போட்டால், தரகு 15 சதவீதம் என்று கொண்டால் 135 ரூபாய், கனமான சரக்கு என்பதால் அனுப்பும் கட்டணம் 110 ரூபாய், ஆர்டருக்கான நிலைக்கட்டணம் 30 ரூபாய் என்று 275 ரூபாய் போய்விடும். இந்தக் கட்டணங்களின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, அது 49.50 ரூபாய். ஆக உங்களுக்கு வருவது 575.50 ரூபாய், அதாவது கொள்முதல் விலையைவிடக் குறைவு. தரகும் கட்டணங்களும் தளத்துக்குத் தளம், பொருளுக்குப் பொருள் மாறும். தரகே வாங்காத தளங்களும் உண்டு. ஆனாலும் அந்தந்தத் தளத்தின் கட்டண அட்டையை வைத்து இந்தக் கணக்கைப் போடாமல் ஒரு பொருளைக்கூட ஏற்றாதீர்கள். நீங்கள் முறையான ஜி.எஸ்.டி. பதிவில் இருந்தால் அந்த 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெறலாம். பதிவு இல்லாதவர்களுக்கும், சிறு வணிகர்கள் விற்பனையில் ஒரு குறைந்த விகிதத்தை வரியாகக் கட்டும் காம்பொசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கும் அது செலவுதான்.

இதோடு திரும்பி வரும் சரக்கையும் சேர்க்க வேண்டும். ‘படத்தில் பார்த்த நிறம் இல்லை’, ‘நினைத்த அளவு இல்லை’ என்பவையே ஜவுளி திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் சொல்லப்படும் காரணங்கள். இதைக் குறைப்பது உங்கள் கையில் இருக்கிறது. விரித்த ஜமக்காளத்தை வாசல் வெளிச்சத்தில் மேலிருந்து ஒரு படம்; நான்கு பேர் உட்கார்ந்திருக்கும் நிலையில் ஒரு படம், அளவு கண்ணுக்குப் புரிவதற்காக; ஓரத்தை மடித்து, அடிப்பக்கமும் கரை முடிச்சும் தெரியும்படி மிக நெருக்கத்தில் ஒரு படம். இவற்றோடு நீளம், அகலம், எடை ஆகிய மூன்றையும் எழுதுங்கள். எடையைப் பலர் எழுதுவதில்லை. தடித்த பருத்தி நூலில் நெய்ததையும் மெல்லிய மலிவுச் சரக்கையும் வேறுபடுத்திக் காட்ட, திரையில் பார்ப்பவருக்கு எடையைப்போல நம்பகமான அடையாளம் வேறில்லை.

உங்கள் சரக்குக்கு இன்னொரு வலிமையும் இருக்கிறது. பவானி ஜமக்காளம், ஊர்ப் பெயரை அந்த ஊர்ச் சரக்குக்கே உரியதாக்கும் புவிசார் குறியீடு பெற்றது. கைத்தறிக்கு மட்டுமே ஒதுக்கப்பட்ட 11 வகைத் துணிகளில் ஜமக்காளமும் ஒன்று. இதற்கான சட்டம் 1985-லேயே வந்துவிட்டது. இருந்தும் விசைத்தறிச் சரக்கு பவானிப் பெயரிலேயே இணையத்தில் பாதி விலைக்கு விற்கப்படுவது நெசவாளர் வயிற்றில் அடிக்கும் செயல். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விலையில் அதோடு மோதி வெல்ல முடியாது. குழித்தறியில் நெய்யும் காட்சியை ஒரு நிமிட வீடியோவாக எடுத்து, எந்தத் தறியில் எத்தனை நாளில் நெய்யப்பட்டது என்பதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்லி, யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் உங்கள் பெயரிலேயே போடுங்கள். அதைப் பார்த்து நேராக உங்களுக்கே போன் செய்து வாங்குபவரிடம் தரகு இல்லை. அவருடைய எண்ணும் உங்களிடம் இருக்கும். பெரிய தளங்களில் விற்கும்போது வாங்கியவர் அந்தத் தளத்தின் வாடிக்கையாளராகத்தான் இருப்பார். என் யோசனை, எடை குறைந்து விலை கூடிய இரண்டு மூன்று வகைகளை மட்டும் தளத்தில் வைத்து, மற்றதை நேரடியாக விற்பது.

உடன்குடியில் கருப்பட்டியும் பனங்கற்கண்டும் விற்கிறேன். ஆண்டுக்குப் பதினைந்து லட்சம் ரூபாய்க்குள்தான் வியாபாரம். இணையத்தில் விற்றால் ஜி.எஸ்.டி. கட்டாயம் என்று சிலரும், இல்லை என்று சிலரும் சொல்கிறார்கள். வேறு என்ன அனுமதிகள் வேண்டும்?
– பனைப்பொருள் விற்பனையாளர், உடன்குடி

இரு தரப்பும் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. தமிழ்நாட்டில் சரக்கு விற்பவர் ஜி.எஸ்.டி. பதிவு பெறுவதற்கான பொதுவான வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் விற்பனை. முன்பு பெரிய விற்பனைத் தளங்கள் வழியாக ஒரு பொருள் விற்றால்கூட இந்த வரம்பு செல்லாது, பதிவு கட்டாயம் என்ற நிலை இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல் அது தளர்த்தப்பட்டு, வரம்புக்குள் இருப்பவர்கள் தங்கள் மாநிலத்துக்குள் மட்டும் விற்பதாக இருந்தால், பான் எண்ணைக் கொண்டு ஜி.எஸ்.டி. இணையதளத்தில் ஒரு சேர்க்கை எண் பெற்றுக்கொண்டு தளங்களில் விற்கலாம் என்றானது. வெளிமாநிலத்துக்கு வரி உள்ள சரக்கை அனுப்பத் தொடங்கினால், தளத்தின் வழியாக என்றாலும் வாட்ஸ்அப்பில் நேரடியாக என்றாலும், பொதுவாகப் பதிவு வேண்டும். சில கைவினைப் பொருள்களுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு.

உங்கள் சரக்கில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கருப்பட்டியைக் கடையில் அவிழ்த்து நிறுத்துக் கொடுக்கும்போது ஜி.எஸ்.டி. கிடையாது. அதையே பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டினால் 5 சதவீத வரிக்குள் வந்துவிடும். 2022 ஜூலை 18 முதல் இதுதான் நடைமுறை. இணையத்தில் விற்பது பெரும்பாலும் பாக்கெட்டாகத்தான் இருக்கும் என்பதால், பெங்களூருவிலிருந்தோ மும்பையிலிருந்தோ ஆர்டர் வரத் தொடங்குமுன் உங்கள் கணக்காளரிடம் இதை மட்டும் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். பதிவு பெற்றுத் தளங்களில் விற்பவர்களிடம் ஜி.எஸ்.டி. கணக்கில் 0.5 சதவீதமும் வருமான வரிக் கணக்கில் 0.1 சதவீதமும் பிடித்துக் கட்டுவார்கள். அது கூடுதல் செலவு இல்லை; கணக்குத் தாக்கல் செய்யும்போது உங்கள் வரவில் சேர்ந்துவிடும்.

உணவுப் பொருள் என்பதால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு கட்டாயம். சிறிய அளவில் செய்பவர்களுக்குப் பதிவும், வியாபாரம் பெருகினால் உரிமமும் தேவைப்படும். அந்த 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். தளங்களும் முதலில் அதைத்தான் கேட்கும். அடைத்தவரின் பெயரும் முகவரியும், நிகர எடை, எல்லா வரிகளும் உள்ளடங்கிய அதிகபட்ச சில்லறை விலை, அடைத்த மாதமும் ஆண்டும், புகாருக்கான தொடர்பு எண் ஆகியவையும் பாக்கெட்டில் இருக்க வேண்டும். குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவும் பயனுள்ளது. அரசு இணையதளத்தில் அதற்குக் கட்டணமே இல்லை. இரண்டாயிரம், மூவாயிரம் கேட்கும் தளங்கள் அரசுடையவை அல்ல.

அனுமதிகளைவிட எனக்குக் கவலை தருவது சிப்பம் கட்டுவதுதான். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் கருப்பட்டி கசியும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சென்னையில் பெட்டியைப் பிரிப்பவருக்கு அது தெரியாது, கெட்டுப்போன சரக்கு என்றுதான் நினைப்பார். ஓலைக் கொட்டானில் வைத்து அனுப்ப விரும்பினால், உள்ளே காற்றுப் புகாத உறையும் வெளியே அழகுக்குக் கொட்டானுமாகச் செய்யுங்கள். ‘மழைக்காலத்தில் இளகுவது இயல்பு, வந்தவுடன் கண்ணாடிப் பாட்டிலில் மாற்றிவிடுங்கள்’ என்று ஒரு துண்டுச்சீட்டும் வையுங்கள். உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சர்க்கரைப்பாகு கலந்த சரக்கு அதே பெயரில் உலவும் சந்தையில், உடைத்த கருப்பட்டியின் உள்பக்கத்தை ஒரு படத்தில் காட்டி, எந்தப் பருவத்துப் பதநீரில் காய்ச்சியது என்று ஒரு வரி எழுதுவது உங்களைத் தனித்துக் காட்டும்.

கடை எண்ணுக்கு வெளியூரிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. பேசியவர் தான் ராணுவத்தில் இருப்பதாகச் சொன்னார். முன்பணம் அனுப்புவதாகக் கூறி ஒரு கியூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடச் சொன்னார். பயந்து விட்டுவிட்டேன். இணையத்தில் விற்றால் இந்த ஆபத்து கூடுமா?
– பாத்திரக் கடை நடத்தும் வாசகி, கும்பகோணம்

நீங்கள் விட்டுவிட்டது மிகச் சரி. யூ.பி.ஐ.யில் பணம் பெறுவதற்கு எந்தக் காலத்திலும் பின் எண் தேவையில்லை. பின் எண்ணைக் கேட்கும் எந்தத் திரையும் உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியே போவதற்கான திரைதான். கடையில் பணம் வாங்கும் ஒவ்வொருவருக்கும் இந்த ஒரு செய்தி மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த ஏமாற்று, பணம் போட்டதாகக் காட்டும் ஸ்கிரீன்ஷாட். அதைப் போலியாகச் செய்வது மிக எளிது. வாடிக்கையாளரின் போனைப் பார்க்காமல் உங்கள் வங்கிக் கணக்கையோ, கடையில் இருக்கும் சவுண்ட் பாக்ஸையோ மட்டும் நம்புங்கள். ‘தவறுதலாகக் கூடுதலாகப் போட்டுவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்’ என்று வரும் அழைப்புகளிலும் முதலில் பணம் வந்திருக்கிறதா என்பதைக் கணக்கில் பாருங்கள். வாட்ஸ்அப்பில் ‘ஆர்டர் பட்டியல்’ என்ற பெயரில் ஏ.பி.கே. கோப்பு (போனில் செயலியை நிறுவும் கோப்பு) வந்தால் திறக்கவே கூடாது.

முகம் தெரியாதவரிடமிருந்து வந்த பணம் பின்னாளில் ஏதேனும் மோசடி வழக்கில் சிக்கினால், அந்தத் தொகையை உங்கள் கணக்கில் முடக்கிவைக்கும் நிலை வரலாம். ஆகவே வெளியூர் ஆர்டர் ஒவ்வொன்றுக்கும் பில், பேசிய உரையாடல், கூரியர் ரசீது மூன்றையும் சேர்த்து வையுங்கள். சரக்கு கொடுத்துத்தான் பணம் பெற்றீர்கள் என்பதற்கு அவையே சான்று. பணம் போய்விட்டால் யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே இணைய மோசடிக்கான உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் தடுத்து நிறுத்துவதற்குத்தான் அந்த எண் இருக்கிறது.

பட்டாசுக் கடை வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு இணையத்தில் ஆர்டர் எடுத்துக் கூரியரில் அனுப்பலாமா?
– பட்டாசு விற்பனையாளர், சிவகாசி

கூடாது. இணைய விற்பனைத் தளங்கள் வழியாகப் பட்டாசு விற்பதை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23-ஆம் தேதித் தீர்ப்பில் தடை செய்திருக்கிறது. பட்டாசைச் சாதாரணப் பார்சலாக அனுப்புவது சட்டத்துக்குப் புறம்பானது மட்டுமல்ல. அதைத் தூக்கும் தொழிலாளியின் உயிருக்கே ஆபத்து. உரிமம் பெற்ற கடை எங்கே இருக்கிறது, எந்த நேரம் திறந்திருக்கும் என்ற விவரங்களை இணையத்தில் போடுங்கள். அதற்கு மேல் போக வேண்டாம்.

எங்கள் தையல் கடைக்குக் கூகுளில் யாரோ ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, நேரத்துக்குத் தருவதில்லை என்று எழுதியிருக்கிறார்கள். நூறு ஐந்து நட்சத்திர விமர்சனங்கள் போட்டுத் தருவதாக ஒருவர் விலை பேசுகிறார். வாங்கலாமா?
– தையலகம் நடத்தும் வாசகி, சேலம்

வாங்காதீர்கள். காசு கொடுத்து எழுதச் செய்த விமர்சனங்களைக் கூகுள் கண்டறிந்தால் நீக்கிவிடும். உண்மையாக வாழ்த்தி எழுதியவர்களின் வரிகளும் அந்தக் கூட்டத்தில் சந்தேகத்துக்கு உள்ளாகும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் இணைய விமர்சனங்களுக்கென்றே 2022-இல் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிட்டிருக்கிறது. எழுதுபவர் உண்மையானவரா என்பதைச் சரிபார்ப்பதும், விலைக்கு வாங்கிய விமர்சனத்தை விலக்குவதும் அதன் அடிப்படை. இது சட்டத்தைவிட நேர்மை சம்பந்தப்பட்டது. பக்கத்துத் தெருவில் ஒழுங்காகத் தைத்து நல்ல பெயர் வாங்கிய இன்னொரு தையற்காரம்மாவை ஏமாற்றிக் கீழே தள்ளுவதற்குச் சமம்.

புகாருக்குப் பதில் எழுதுங்கள். ‘ஆடி மாதக் கடைசியில் கல்யாண வேலை குவிந்ததால் உங்கள் பிளவுஸ் தாமதமானது, வருந்துகிறோம். இனி பில்லில் தேதி எழுதித் தருகிறோம்’ என்று இரண்டு வரி போதும். அந்தப் பதில் குறை சொன்னவருக்கு மட்டுமல்ல, இனிமேல் உங்கள் கடையைத் தேடி வந்து படிக்கப்போகும் எல்லாருக்கும் போய்ச் சேரும். அப்படியே உண்மையில் பில்லில் தேதி எழுதவும் தொடங்குங்கள். அளவு சரியாக இருக்கிறது என்று மகிழ்ந்து சொல்லும் வாடிக்கையாளரிடம் அந்த நேரத்திலேயே ‘இதைக் கூகுளில் ஒரு வரி எழுதுங்களேன்’ என்று கேட்பதில் தவறில்லை. அதற்குப் பதிலாகத் தள்ளுபடி தருவதாகச் சொல்வதுதான் தவறு.

தமிழ்ப் புத்தகங்களுக்கான சிறு கடை. பெரிய தளங்கள் தரும் தள்ளுபடியை என்னால் தர முடியாது. அஞ்சல் செலவும் கட்டுப்படியாகவில்லை. இணையத்தால் எனக்கு என்ன பயன்?
– புத்தகக் கடை உரிமையாளர், நாகர்கோவில்

அஞ்சல் செலவுக்கு இப்போது ஒரு வழி இருக்கிறது. புத்தகங்களுக்கென்று அஞ்சல் துறை 2025 மே 1 முதல் ‘ஞான் போஸ்ட்’ என்ற சேவையைத் தொடங்கியிருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாயும், 5 கிலோவுக்கு 100 ரூபாயும் கட்டணம், வரி தனி. தரை வழியாகப் போவதால் சில நாள்கள் கூடுதலாகும்; ஆனால் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளும் வசதி உண்டு. புத்தகம் வாங்குபவர்கள் பொதுவாக இரண்டு நாள் பொறுப்பார்கள். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை.

தள்ளுபடியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பெரிய தளத்தில் ஒரு தமிழ் நூலைத் தேடினால் பெரும்பாலும் அட்டைப்படமும் பக்க எண்ணிக்கையும்தான் இருக்கும். நீங்கள் பொருளடக்கத்தைப் படமெடுத்துப் போடலாம். இது மறுபதிப்பா புதிய பதிப்பா, எழுத்து அளவு வயதானவர்களுக்குப் படிக்க வசதியாக இருக்குமா என்று எழுதலாம். ‘இந்தச் சிறுகதைத் தொகுப்பில் எதிலிருந்து தொடங்குவது?’ என்ற கேள்விக்கு விடை சொல்லக் கூடியவர் கல்லாவில் இருக்கும் நீங்கள்தான். வாரம் ஒரு நூலைப் பற்றி நூறு சொற்கள் எழுதி வாட்ஸ்அப் சேனலிலோ முகநூலிலோ போடுங்கள். ஒரு ஊரில் புத்தகக் கடை மூடப்படும்போது அந்த ஊர் எதை இழக்கிறது என்பது நமக்குத் தெரியும். அந்தக் கடையை நடத்துபவரின் வாசிப்பு ஊர் எல்லையைத் தாண்டி ஆஸ்திரேலியாவில் இருக்கும் தமிழ் வாசகருக்கும் கிடைக்கும் என்றால், அதை விடக் கூடாது.

ஓ.என்.டி.சி. என்று ஒன்று சொல்கிறார்களே, அதில் சேரலாமா?
– ஸ்டேஷனரி கடை உரிமையாளர், கோவை

சேர்ந்து பார்க்கலாம். ஓ.என்.டி.சி. என்பது டிஜிட்டல் வணிகத்துக்கான திறந்த வலையமைப்பு. 2021 இறுதியில் உருவான இந்த அமைப்பு, 2022 ஏப்ரலில் முன்னோட்டம் பார்த்த ஐந்து நகரங்களில் உங்கள் கோவையும் ஒன்று. வாங்குபவர் ஒரு செயலியிலும் விற்பவர் வேறொரு செயலியிலும் இருந்தாலும் வியாபாரம் நடக்க வேண்டும் என்பது இதன் நோக்கம். ஒரே நிறுவனத்தின் பிடியில் எல்லாக் கடைகளும் சிக்கக் கூடாது என்ற அந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன். நடைமுறையில் உங்கள் அனுபவம், நீங்கள் தேர்ந்தெடுக்கும் விற்பனையாளர் செயலியைப் பொறுத்தே இருக்கும். பணம் எத்தனை நாளில் வரும், சரக்கு திரும்பினால் செலவு யாருடையது, பிரச்சினை என்றால் தமிழில் பேச ஆள் உண்டா என்ற மூன்றையும் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு சேருங்கள்.

ரெடிமேட் கடைக்கு மாதம் 10,000 ரூபாய் கொடுத்தால் தினம் ஒரு பதிவு போட்டு, விளம்பரமும் செய்வதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. இது பயன் தருமா?
– ஜவுளிக் கடை உரிமையாளர், பொள்ளாச்சி

தினம் ஒரு பதிவு உங்களுக்குத் தேவையில்லை. பார்த்த கணத்தில் ‘இது நம்ம கடைவீதிக் கடை’ என்று தெரியும் பதிவு வாரத்துக்கு இரண்டு போதும்: வந்திறங்கிய பண்டலை உங்கள் பணியாளரே பிரித்துக் காட்டி, அளவுகளையும் விலையையும் வாயால் சொல்லும் முப்பது விநாடி வீடியோ. விலையை மறைத்து ‘விலைக்கு மெசேஜ் செய்யவும்’ என்று எழுதுவதைக் கைவிடுங்கள். விலை தெரியாத இடத்தில் கேட்கக் கூச்சப்பட்டு நகர்ந்துவிடுபவர்களே அதிகம்.

விளம்பரத்துக்குப் பணம் போடுவதாக இருந்தால் முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் இத்தனை கிலோமீட்டர் சுற்றளவு என்று வரையறுக்க முடியும். பொள்ளாச்சியையும் ஆனைமலை, கிணத்துக்கடவு பக்கங்களையும் மட்டும் தொடும்படி வைத்து, தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு, பள்ளி திறக்கும் சமயம், உள்ளூர்த் திருவிழாவுக்கு முன்பு என்று வியாபாரம் உள்ள நாள்களுக்குச் சிறு தொகையைப் பிரித்துச் செலவிடுங்கள். ஆயிரக்கணக்கில் விருப்பக்குறி விழுந்ததாக நிறுவனம் காட்டும் அறிக்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள். பில் போடும்போது ‘எதைப் பார்த்து வந்தீங்க?’ என்று கேட்டு, பில்லின் மூலையில் ஒரு குறி போட்டு வையுங்கள். இரண்டு மாதத்தில் அந்தப் பில் கட்டு உண்மையைச் சொல்லிவிடும்.

எந்த நிறுவனத்தை அமர்த்தினாலும், முகநூல் பக்கமும் இன்ஸ்டாகிராம் கணக்கும் கூகுள் பதிவும் உங்கள் போன் எண்ணிலும் உங்கள் மின்னஞ்சலிலும் தொடங்கப்பட்டிருக்க வேண்டும். அவர்களுக்கு நிர்வகிக்கும் அனுமதி மட்டும் கொடுங்கள். ஒப்பந்தம் முறிந்தபின் கடவுச்சொல்லைத் தர மறுத்து, பல ஆண்டு சேர்த்த வாடிக்கையாளர்களோடு பக்கத்தையே கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசியதாக இரண்டு வாசகர்கள் இந்த மாதமே எழுதியிருக்கிறார்கள். இதை ஒப்பந்தத்தின் முதல் வரியாக எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த நிறுவனம் வேண்டாம்.